எண்பத்தாறாம் ஜெட்

குன்னூரில் நேராக இருப்பது
என் லேத்தின் படுக்கை ஒன்றுதான்.
அதற்கும் வாரம் ஒருமுறை
ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்.
மழைக்கு மலை கொஞ்சம் நகர்ந்து படுக்கிறது.

பகலில் சி.டி.சி. ரோலருக்குப் பல் வெட்டுவேன்.
ஏழு மணிக்குமேல் மிஷின் உனக்கு,
கரண்ட் காசு தனி, என்றார் போஜன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
ஐம்பது சி.சி.யை உப்பு ஏரியில் ஓட்ட
என்று சொல்ல நேர்ந்திருக்கும்.

எஞ்சின், வெலிங்டன் பழைய இரும்புக்கடையில்
எடைக்கு வாங்கிய மொபெட்டினுடையது.
தராசில் கடைக்காரர் விரலும் ஏறியிருந்தது.
போர்ட்டை ஒரு மில்லி உயர்த்த
ஒன்பது இரவு.
ஹெட்டில் அரை மில்லி சீவினேன்,
அதிகமாகிவிட்டதோ என்று தூங்கவில்லை,
மறுநாள் இன்னும் கொஞ்சம் சீவினேன்.

ஓட்டுவது யோகமலர்.
விடியும் முன் சிம்ஸ் பார்க்கிலிருந்து
ஓட்டுப்பட்டறை வரை
கடை கடையாக வர்க்கி போடுகிறவள்.
பூட்ஸோடு நாற்பத்தொரு கிலோ.
தகட்டு மூக்குக்குள் குப்புறப் படுத்தால்
முழங்கைகூட வெளியே தெரியாது.

"அங்க வளைவே கிடையாதா?"
கிடையாது.
"அப்ப எதைப் பாத்து ஓட்டுறது?"

இங்கே ஓட்டிப் பார்க்க இடமில்லை.
மூன்றாம் கியர் விழும்போது கொண்டை ஊசி,
அதைத் தாண்டினால் காட்டெருது.
தேய்ந்து கழித்த ரோலர் இரண்டை
மிச்சப் பல்லையும் சீவி வழவழப்பாக்கி
அதன்மேல் பின்சக்கரத்தை ஏற்றினோம்.
ஷெட்டை விட்டு ஓரடி நகராமல்
தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில்
போய்க்கொண்டே இருந்தாள்.
எதிர்ச்சுவரில் உரக்கம்பெனிக் காலண்டர்
படபடத்தது.

உப்பு என்றால் எங்களுக்கு
சாக்ஸுக்குள் தூவுவது, அட்டைக்கு.
பத்து மைலுக்கு உப்பு என்றேன்.
"அட்டையே இல்லாத ஊரு," என்றாள்,
மற்ற எதையும்விட
அதுதான் அவளுக்குப் பிடித்தது.

கட்ச்சுக்கு ரயிலில் மூன்று பகல்.
இறங்கி நின்றபோது
வானத்துக்கும் எங்களுக்கும் நடுவே
கைகாட்டிச் சொல்ல ஒரு பொருள் இல்லை.
கண்ணைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

மேலே காற்று மெலிசு,
எழுபத்தெட்டாம் ஜெட் போதும்.
கீழே காற்று தடிப்பு, எண்பத்தாறு போடு.
என் கையெழுத்தில் என் நோட்டில் இருந்தது.
ஜெட் என் சட்டைப்பையில் இருந்தது.
நான் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்து நூறாவது மீட்டரில்
சத்தம் அறுந்தது.
பிஸ்டன் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துவிட்டது.
அதற்குள் கிளட்சை அழுத்தியிருந்தாள்;
வர்க்கிக் கூடையோடு பனியில் சறுக்கிப் பழகிய கை.
வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
தண்ணீர் கேட்டாள்.

இரவு முழுக்க டார்ச் வெளிச்சத்தில்
பிஸ்டனின் கீறல்களைத் தேய்த்தேன்.
உப்பின்மேல் உட்கார்ந்து
உப்புத்தாளால்.
இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

காலையில் எண்பத்தாறு.
போகையில் தொண்ணூற்றாறு கிலோமீட்டர்.
திரும்புகையில் எதிர்க்காற்று, எண்பத்தெட்டு.
இரண்டின் சராசரிதான் கணக்கில் ஏறும்.
எங்கள் வகுப்பில் தேவைப்பட்டது தொண்ணூற்று நான்கு.
குறித்துக்கொண்டிருந்த ஆள்
தொண்ணூற்றிரண்டு என்று எழுதி
அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.

ஊர் வந்து டீசலில் மூன்று முறை கழுவினேன்.
ஆனாலும் பத்தே நாளில்
ஸ்போக்குகள் ஒவ்வொன்றாய்ப் பழுத்தன,
எங்கிருந்தோ உப்பு கசிந்துகொண்டிருந்தது.

யோகமலர் வந்தாள், உடைந்த வர்க்கிப் பொட்டலத்தோடு.
அன்றைக்கு எதைப் பார்த்து ஓட்டினாய் என்றேன்.
மென்றுகொண்டே சுவரைக் காட்டினாள்.
"அந்தக் காலண்டரைத்தான்."

போஜன் புது வருஷத்துக்கு
வேறொன்று வாங்கி வந்திருந்தார்.
பக்கத்துச் சுவரில் மாட்டச் சொன்னேன்.
மாட்டினார்.
ஆணி அடித்துக்கொண்டே கேட்டார்,
டிசம்பர் கரண்ட் காசு.