கெடு தேதிக்கு முன்

பகலில் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு எதிரில்
இ-சேவை மையம். சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு.
இரவு எட்டு மணிக்குக் கைபேசியில் ஸ்பானிஷ்.
மெக்சிகோ பில்களைச் சரிபார்க்கும் வேலை ஒன்று
சென்னையில் இருக்கிறதாம்.

இந்த வாரம் ஓர் இறந்தகாலம்,
இன்னோர் இறந்தகாலத்துக்கு முன்னால் நடந்தது.
வகுப்பே திணறியது.
எனக்கு அது கடைமடைக் கணக்கு:
வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது
நாற்று கருகியிருந்தது.
அவ்வளவுதான்.

வினையின் வாலை நறுக்கு.
ஆர் என்று முடிந்தால் ஆதோ ஒட்டு.
ஏர், ஈர் என்றால் ஈதோ. இந்த ஏரில் மாடு கட்ட முடியாது.
ஒட்டியபின் அது அசையாது, மதகுக் கல் மாதிரி.
முன்னால் நிற்கும் அபியாதான் ஆளுக்கு ஆள் மாறும்.
நம்முடைய இருவும் அதே வேலையைத்தான்
பின்னால் நின்று செய்கிறது.
அபியாவுக்கு முன் ஒரு ஹெச் உண்டு.
எழுத வேண்டும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

பகார் என்றால் பணம் கட்டுவது.
நீ கட்டியிருந்தாய், அபியாஸ் பகாதோ.
நாம், அபியாமோஸ் பகாதோ.
அவர்கள், அபியான்.
நான், அபியா பகாதோ.
அவர், அபியா பகாதோ.

இங்கே பேனா நின்றது.

தில்லைவிளாகம் பக்கிரிசாமி
கெடு தேதிக்கு முதல்நாள் சாயங்காலம்
ஐந்து ஏக்கர் பிரீமியத்தை
எச்சில் தொட்டு எண்ணி என் மேஜையில் வைத்தார்.
சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது.
காலையில் போட்டுவிடுகிறேன் என்றேன்.
வகுப்புக்கு நேரமாகியிருந்தது.
காலையில் கூட்டம்.
மாலையில் நினைவே இல்லை.

தை மழையில் கதிர் சாய்ந்து
வயலிலேயே முளைத்துவிட்டது.
நேற்று வந்தார். ரசீது கேட்கவில்லை.
கட்டியிருந்தோம்ல, என்றார்.
தோம். என்னையும் சேர்த்துக்கொண்டு.

நோ அபியா பகாதோ.
யார் கட்டவில்லை என்று அந்த வாக்கியம்
காட்டிக்கொடுக்காது.
தமிழிலும் பார்த்தேன்.
கட்டியிருந்தேன் என்றால் கடைசியில்
ஏன் வந்து நிற்கும்.
கட்டியிருக்கவில்லை என்றால் ஆளே இல்லை.
இரண்டு மொழியிலும் எனக்கு ஒளிய இடம் இருக்கிறது.

ஆள் குழம்பினால் யோ போடுங்கள் என்கிறார் ஆசிரியை.
நாளைக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் வேண்டுமாம்.
ஒல்விதார், மறப்பது. ஒழுங்கான வினைதான்.
யோ அபியா ஒல்விதாதோ.

இழுப்பறையில் பணம்,
அவர் சுற்றிய ரப்பர் பேண்டோடு.