பத்து கிராம் நரம்பு

காசிமேட்டில், ஐஸ் உடைக்கும் கொட்டகைக்குப் பின்னால்
ஒரு மடக்கு நாற்காலி, ஒரு மேஜை, எடை பார்க்கும் மெஷின்,
சர்க்கரைப் பரிசோதனை இலவசம் என்று ஒரு பேனர்.
அதன் கீழ்மூலையைக் காற்று
காலை ஆறு மணியிலிருந்து அறைந்துகொண்டே இருக்கிறது.

ஆய்வு எண் நூற்றுப் பதினேழு.
கன்னியப்பன், ஐம்பத்து மூன்று, ஐஸ் பார் தூக்குபவர்.
மூன்று மாதச் சராசரி பதினொன்று புள்ளி இரண்டு.
ஒப்புதல் படிவத்தின் பதினோரு பக்கத்தையும்
நான் படிக்கப் படிக்கத் தலையாட்டிவிட்டு
கடைசியில் ஒன்றுதான் கேட்டார்:
"காலு கழுவிட்டு வரவா?"

கழுவிய பிறகும் கணுக்காலில் செதில்.
குதிகால் வெடிப்பில் உப்பு.

பெட்டியிலிருந்து எடுத்தேன்.
பேனா போல ஒரு பிடி, முனையில் நைலான் இழை;
வளையும்வரை அழுத்தினால் சரியாகப் பத்து கிராம்.
"இன்னாம்மா, தூண்டி நரம்பு!" என்றார்.
ஆமாம், நரம்பு இருக்கிறதா என்று
நரம்பை வைத்துத்தான் பார்க்கிறோம்
என்று சொல்லியிருக்கலாம்.
பயிற்சியில் சொன்னதையே சொன்னேன்:
கண்ண மூடிக்குங்க. பட்டா, ஆமான்னு சொல்லுங்க.

பெருவிரல்.
நடுவிரல்.
தூரத்தில் ஏலம், அறுநூறு, அறுநூத்தம்பது,
ஐஸ் எந்திரம் பல்லைக் கடிக்கிறது.
சுண்டுவிரல்.
"ஆமா."
நான் இன்னும் தொடவில்லை.

நெறிமுறையில் அதுவும் உண்டு:
ஊகித்துச் சொல்பவரைக் கண்டுபிடிக்க
இடையிடையே தொடாமல் கேட்க வேண்டும்.
அவர் பொய் சொல்லவில்லை.
வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது
என்பது போல ஒரு ஆமா,
கொஞ்சம் கழித்து இன்னொன்று.
பத்துக்கு இரண்டு.

உறையைப் பிரித்தேன்.
வெயிலில் பிடித்தாலும் உள்ளே தெரியாத உறை;
அதன் நேர்மை அதுதான்.
'அ' என்றால் மெத்தை வைத்த செருப்பு, வாரம் ஒரு போன்.
'ஆ' என்றால் துண்டறிக்கை, வழக்கமான கவனிப்பு.
ஆ.
நூற்றுப் பதினாறாம் எண்காரர்
புதுச் செருப்பைக் காலில் போடாமல்
கையில் பிடித்துக்கொண்டு போவதை
அவரும் பார்த்தார், நானும்.
"எனுக்கு சைஸு இல்லியா?"

குலுக்கல் என்றேன்.
செருப்பு உதவுமா என்றே எங்களுக்கு
இன்னும் தெரியாது என்றேன்.
அது உண்மை.
உண்மையாக இருந்து
அன்றைக்கு அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை.
ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம், அது இரண்டு குழுவுக்கும் உண்டு.
ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் கவருக்குள்
நாலாக மடித்து வைத்தார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய வாரம்
விடிவதற்குள் இருநூறு பார்.
ரப்பர் செருப்பில் ஏறிய ஆணி ஒன்று
மூன்று நாள் அவரோடு நடந்தது.
தேசம்மாள்தான் பார்த்திருக்கிறாள்,
அதுவும் காலை அல்ல,
சிமெண்டுத் தரையில் புள்ளி புள்ளியாக.

ஆறாம் மாதம். மூன்று முறை போன், எடுக்கவில்லை.
நான்காவதும் எடுக்காவிட்டால்
'தொடர்பு இழந்தவர்' என்று எழுதி மூடலாம்.
ஒரு சனிக்கிழமை வியர்த்து வழிய
ஜீவரத்தினம் நகரில் மூன்று மாடி ஏறினேன்.

படிவம் அதே பத்து இடங்களைக் கேட்கிறது.
உணர்ச்சி உண்டு, ஒன்று.
இல்லை, பூஜ்யம்.
இடது பெருவிரலே இல்லை என்பதற்கு, ஒன்பது.

மிச்ச விரல்களை அழுத்தி முடித்தபோது
கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சுருளை இழுத்தார்.
தூண்டி நரம்பு. பல்லால் கடித்து ஒரு துண்டு எடுத்தார்.
"உன்து பத்து கிராம். இது நாப்பது கிலோ தாங்கும்.
இப்ப நீ கண்ண மூடு."

மூடினேன். உள்ளங்கையை நீட்டினேன்.
கீழே லாரித் தண்ணீருக்குக் குடங்கள் மோதிக்கொண்டன.
எங்கேயோ குக்கர்.
எவ்வளவு நேரம் ஆயிற்றோ.
"ஆமா" என்றேன்.

"தொடவே இல்லம்மா."

நரம்பைச் சுருட்டி என் பையில் போட்டார்.
அடுத்த தேதி எப்போ என்று கேட்டார்.