பெய்யச் சொல்ல ஆள் இல்லை

மூடியது ஒரு புதன்கிழமை.
அவர்கள் ஊரில் நள்ளிரவு,
ஈசூனில் மாலை நான்கு மணி.
பல்வலி என்று எழுதி அரைநாள் விடுப்பு எடுத்தேன்.

துறைமுகத்தில் இருநூறு பேர் நின்றோம்.
சிலர் ஆடினார்கள்.
ஒருவன் ஏழு மாதம் சேர்த்து வாங்கிய படகை
எல்லார் கண்ணெதிரே எரித்தான்.
பிறகு
'இணைப்பு துண்டிக்கப்பட்டது'.
அது பிழைச்செய்தி.
விடைபெறும் வாசகம் எதையும்
யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

அன்று முழுக்க என் கணினி
ஒட்டுக்கேட்டபடி இருந்தது.
போன பொட்டலம், வந்த பொட்டலம்,
மொத்தம் நாற்பத்தொரு கிகாபைட்.
கேள்விகள் கிடைத்தன, பதில்களும் கிடைத்தன.
ஏன் அந்தப் பதில் என்பது மட்டும்
அவர்களோடு போய்விட்டது.

இப்போது அந்தத் தீவு
எங்கள் வீவக வீட்டின் பாம்ப் ஷெல்டரில்,
அரிசி மூட்டைக்கும் சைக்கிள் பம்புக்கும் நடுவே,
சிம் லிம்மில் நாற்பது வெள்ளிக்கு வாங்கிய
பழைய பெட்டிக்குள் ஓடுகிறது.
வீட்டில் அதன் பெயர் 'வாடகை தராத ஆள்'.

கடல் வந்தது.
மீன்காரியின் தராசு வந்தது,
முதலில் தலைகீழாக, அப்புறம் சரியாக.
மழை வரவில்லை.

துளியின் படம் எங்களிடம் இருந்தது,
ஓசை இருந்தது,
நனைந்த கல்லுக்குத் தனி நிறம்கூட இருந்தது.
எப்போது பெய்வது என்பதைச்
சர்வர்தான் முடிவு செய்துகொண்டிருந்தது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என்று
சத்தியம் செய்தான் ஹைக்கல்.
இல்லை, யாராவது படகேறினால்தான் என்றாள் சூ என்.
மீன்விலை சரிந்தால் பெய்யும்,
கணக்கு எழுதியே வைத்திருந்தேன் என்றான் தணிகை;
நோட்டு மட்டும் கிடைக்கவில்லை.
எனக்கு, நான் கோபமாக நுழைந்த இரவுகளில் பெய்தது.
அதை நிரலில் எழுத முடியாது.
சொல்லவில்லை.

நாற்பத்தொரு கிகாபைட்டையும் சலித்தோம்.
ஒரே ஒரு மழை.
மூன்று ஐம்பத்திரண்டுக்கு.
அப்போது இருபதாவது நிமிடமும் வந்திருந்தது,
ஒருத்தி படகும் ஏறியிருந்தாள்,
மத்தி விலையும் விழுந்திருந்தது.
ஒற்றைப் புள்ளி வழியே
எத்தனை கோடு வேண்டுமானாலும் போடலாம்.

மூன்று விதியையும் எழுதினோம்.
தினமும் தாயம் உருட்டி ஒன்று தேர்வாகும்.
மேலே ஒரு குறிப்பு:
'இது உண்மையல்ல, எங்கள் ஊகம்.
தெரிந்தவர் வந்தால் அழித்துவிட்டு எழுதவும்.'

போன சனிக்கிழமை பெய்தது.
பதினொரு பேர், மீன்காரியின் கூரைக்கடியில்.
புதிதாக வந்த ஒரு பையன் கேட்டான்,
இங்கே எப்போதும் இப்படித்தானா?
நாங்கள் யோசிப்பதற்குள்
ஆமாம் என்று தட்டிவிட்டான் ஹைக்கல்.

இரவு ஒன்றரைக்கு
இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.
மூங்கில் கழியில் துணியெல்லாம் சொட்டச் சொட்ட.
எப்போது பிடித்தது என்று கேட்க
விழித்திருந்தவர் யாரும் இல்லை.