ஒரு போத்தல் மொனசைட்

புல்மோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறேன்,
மடியில் ஒரு போத்தல் மண்.
தேன் நிறம். பார்த்தால் சீனி,
தூக்கினால் ஈயக்குண்டு.
"கோயிலுக்கா தங்கச்சி?" என்றார் கொண்டக்டர்,
டிக்கெட்டைக் கிழித்தபடி.
ஓமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல்
ஜன்னலைத் தள்ளித் திறந்தேன்.
குச்சவெளி. இறக்கக்கண்டிப் பாலம்.
வெயிலில் மீன்பெட்டிகள்.
எனக்குப் பக்கத்து இருக்கை
நிலாவெளி வரை காலியாகவே இருந்தது,
போத்தலில் ஒட்டிய மஞ்சள் முக்கோணத்தை
யாரோ கவனித்திருக்க வேண்டும்.

கோணேசபுரி ஆய்வுகூடத்தில்
கேதாரனும் ஜெஸீமாவும்
நான் வருமுன்பே தொடங்கியிருந்தார்கள்.

"எங்கட கரையிலேயே கிடக்குது,
அலை கொண்டுவந்து கொட்டுது.
யுரேனியத்துக்கு ஏன் கஸகஸ்தானிட்டக் கையேந்த வேணும்?"
இது கேதாரன்.
"கிடக்கிறதெல்லாம் எரியுமா?
தோரியம் பச்சை மட்டை, கேதா.
பக்கத்தில் எதுவாவது எரிந்துகொண்டிருந்தால்தான்
அதற்குச் சூடே ஏறும்.
ஒரு நியூத்திரனை விழுங்கி
மாதக்கணக்கில் அடைகாத்து
யுரேனியமாய்ப் பொரிந்த பிறகுதான் பற்றும்.
கடைசியில் எரிகிறது எது?
நீயே சொல்லு."

அவன் சிரித்தான், விடவில்லை.
கழிவு குறைவு என்றான்.
நெடுநாள் நஞ்சு குறைவு என்றான்.
"குறைவெண்டா எத்தனை வாளி?"
என்றாள் அவள்.
"பொரிந்த குஞ்சோடு இன்னொன்றும் பிறக்குதே,
கிட்டப் போனாலே சுடுகிற கூடப்பிறப்பு,
அதை எந்தக் கையால் தூக்குவாய்?"

நான் மண்ணை நிறுத்தேன்.
இரண்டு தசம் நான்கு கிராம்.
என் வேலை அவ்வளவுதான்.
இருவருமே சரியாகச் சொல்வதுபோல் இருக்கும் நாளில்
தராசைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

அப்போது கறண்ட் போனது.

காற்றாடி நின்றது, குளிரூட்டி நின்றது,
கதையும் பாதியில் நின்றது.
பற்றரியில் ஓடும் கருவி மட்டும்
டிக். டிக் டிக். நீண்ட இடைவெளி. டிக்.
மழை தொடங்குமுன்
தகரத்தில் விழும் முதல் துளிகள் போல.

உண்மையில் அது தோரியத்தின் குரலல்ல.
அதன் கதிர் கண்ணாடியைக்கூடத் தாண்டாது.
இருட்டில் நாங்கள் கேட்டது
அதன் பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளை.
தாயோ அவசரமில்லாதவள்.
பாதி கரைய ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு,
பிரபஞ்சத்துக்கே இன்னும் அவ்வளவு வயதில்லை.
யுரேனியத்தின் பெரும்பங்கிற்குப்
பூமியின் வயது போதும்.

வாசலில் லொறிக்காரர் கனகசூரியம்
கையெழுத்துக்குக் காத்து நின்றார்.
சம்பூர்க்காரர்.
எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.
"எனக்கு ரெண்டும் விளங்கேல்ல," என்றார்.
"ஒண்டை மட்டும் சொல்லுங்க.
வேலி எவ்வளவு தூரத்துல போடுவாங்க?"

கருவி இரண்டு முறை தட்டியது.

"நிலக்கரி வருதெண்டு ஒருக்கா அளந்தாங்க.
வரேல்ல. ஆனா அளந்த கயிறு
கனகாலம் எங்கட வளவுக்குள்ளதான் கிடந்தது.
மாடு கட்ட எடுத்தம்."

கேதாரன் கிலோமீற்றர் சொல்ல வாய் திறந்தான்.
எந்த உலை, எந்த எரிபொருள்,
காற்று எந்தப் பக்கம் என்று
எங்கோ ஓர் அட்டவணை இருக்கும்.
சொல்லாமலே மூடிக்கொண்டான்.
ஜெஸீமா கதிரையை நகர்த்தி
அவரை உட்காரச் சொன்னாள்.
அவர் உட்காரவில்லை, லொறி வெயிலில் நிற்கிறதாம்.

கறண்ட் வந்தது.
டீசலா, நிலக்கரியா, மலைநாட்டுத் தண்ணீரா,
வந்த வெளிச்சம் எதனுடையது என்று
நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை.
தேநீர் வைக்கத்தான் ஓடினோம்.

பதிவேட்டில் எழுதினேன்:
நிறை 2.4. பின்னணி கழிக்கப்பட்டது.
கழிக்காதவற்றுக்கு அதில் நிரல் இல்லை.

பின்னேர பஸ்ஸில் அதே கொண்டக்டர்.
"மண்ணைக் குடுத்திட்டீங்களா?"
"ஓம்."
இப்போது பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்,
அவள் பிள்ளையின் கால் என் மடியில்.
அதன் குதிகாலில் நிலாவெளி மணல்,
வெள்ளை, கறுப்பு,
நடுவே மஞ்சளாய் ஏதோ இரண்டொன்று.
என்னிடம் கருவி இல்லை.
தட்டிவிடலாமா என்று யோசித்தேன்,
அதற்குள் பிள்ளை தூங்கிவிட்டது.