ஒரே இலக்கம்

திங்கட்கிழமை இரண்டு கடிதம் தட்டெழுதினேன்.
இரண்டும் மஹ்றூப் அவர்களுக்கு.

ஒன்றில் அவர் எங்கள் கட்டட உரிமையாளர்:
கிளைகளை ஒன்றிணைக்கும் தலைமையகத் தீர்மானத்தின்படி
மூன்று மாத அறிவித்தலுடன்
கீழ்த்தளத்தை விட்டு வெளியேறுகிறோம்.
மற்றதில் அவர் எங்கள் கடனாளி:
ஈடு வைத்த ஆதனத்தின் பெறுமதி குறைந்துள்ளதால்
மேலதிகப் பிணை வேண்டும்,
பதினான்கு நாளைக்குள்.

ஏன் குறைந்தது என்று எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.
போன கிழமை மதிப்பீட்டாளர் வந்தார்,
நாடா பிடித்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார்.
"கீழ்த்தள வாடகைதான் மிஸ் இதுக்கு முதுகெலும்பு.
அவங்களும் எழும்பினா..."
பேனையை மூடினார்.
அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது
எழும்பப்போகிற நாங்கள்.

கட்டடம் திறந்த நாளில்
ஒரே மேசையில், ஒரே நொத்தாரிசின் முன்னால்
இரண்டு உடன்படிக்கை.
வாடகை: ஐந்து வருடத்துக்கு ஒரே தொகை.
வட்டி: சந்தைக்கேற்ப மாறும், ஒன்பதாம் பக்கம்,
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.
அக்கரைப்பற்று பிரதான வீதி முழுக்க
அன்று புரியாணி மணத்தது.
நான் இரண்டு பார்சல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பதினொன்றரையில் தொடங்கியது.
மாதாமாதம் அந்த இலக்கத்தை மாற்றுவது என் வேலை.
இருபத்தெட்டைத் தொட்ட மாதம்
கணக்கை மூன்று தரம் தட்டினேன்.
இயந்திரத்தில் பிழையில்லை.
வாடகை மட்டும்
போட்ட இடத்தில் கிடந்தது, அம்மிக்கல் மாதிரி.

முதலாம் மாடிப் பல்வைத்தியர் கட்டாருக்குப் போய்விட்டார்.
பலகையில் ஒரு பல்
இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறது.
கணினி வகுப்பில் கதிரைகள் மட்டும்,
ஒன்றின் மேல் ஒன்றாய்.
அதற்கு மேலே மண்டபம் கட்ட விட்ட கம்பிகள்
சீமெந்து விலை கேட்ட நாளிலிருந்து
வானத்தைப் பார்த்துத் துருப்பிடிக்கின்றன.
மழைக்கு அந்தத் துரு இறங்கி
எங்கள் பெயர்ப்பலகையில் கோடு விழுத்தும்.
அதைத் துடைப்பது யார் பொறுப்பு என்று
ஒரு கடிதப் போக்குவரத்து கோப்பில் இருக்கிறது.

டீசல் இல்லாத அந்த மாதங்களில்
சாகாம வீதி ஷெட்டில் இரண்டு இரவு நின்று
கேன் கொண்டுவந்தவர் அவர்.
அந்த டீசலில்தான் எங்கள் காசு இயந்திரம்
ஊருக்குச் சம்பளம் கொடுத்தது.
பில் அனுப்பவில்லை.
அனுப்பியிருந்தாலும் எந்தத் தலைப்பில் போடுவதென்று
எனக்குத் தெரிந்திருக்காது.

பதிவுத் தபாலில்தான் போகவேண்டும், சட்டப் பிரிவு விடாது.
கடிதங்கள் தபாற்கந்தோருக்குப் போய்
அடுத்த நாள் பதினொரு மணிக்கு
எங்கள் கதவாலேயே திரும்பி வந்தன.
"அனுப்பினவரும் எடுக்கிறவரும் ஒரே இலக்கம் மிஸ்,"
கிருபைராசா தொப்பியால் விசிறினார்,
"கையில குடுத்திருக்கலாமே."

மஹ்றூப் இறங்கி வந்தார்.
கயிறு கட்டிய எங்கள் பேனையால்
இரண்டு தரம் ஒப்பமிட்டார்.
கடன் கடிதத்தை முதலில் வாசித்தார்.
பிறகு மற்றது.
பிறகு திரும்பவும் முதலாவது.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
"ரெண்டையும் ஒரு கவருக்குள்ள போட்டிருந்தா
முத்திரைக் காசாவது மிச்சம், மகள்."

எனக்கு மறுமொழி வரவில்லை.
என் இடமாற்றக் கடிதமும்தான்.

இரண்டரைக்கு மின்சாரம் போனது.
ஒரு பெண்ணின் அட்டை இயந்திரத்துக்குள்.
எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.
வழக்கமாக ஒன்பது எண்ணுவதற்குள் வந்துவிடும்.
பதினாறு. பதினேழு.
முகாமையாளர் தன் அறைக் கதவைத் திறந்தார்.
முப்பத்தொன்றில்
மேலே படிக்கட்டில் செருப்புச் சத்தம்,
ஒரு இருமல், இன்னொரு இருமல்,
ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

இயந்திரம் விட்ட இடத்திலிருந்து
எண்ணத் தொடங்கியது.