இறங்க ஆளில்லாத நிறுத்தம்

முருகன்குறிச்சியில், பல் டாக்டருக்கு மேல்மாடியில்,
இருபத்திரண்டு படி ஏறினால்
முதுகுவலிக்கு வைத்தியம்.
கட்டினவனுக்கு முதுகே இருந்திருக்காது.

பத்தொன்பது வருசம்
சந்திப்புக்கும் பாபநாசத்துக்கும் நடுவே ஓட்டினேன்.
பேட்டையில் ஒரு பள்ளம்,
வீரவநல்லூரில் ஒரு வேகத்தடை,
கல்லிடைக்குறிச்சி தாண்டிப் பாலம் ஏறும்போது ஒரு குலுக்கல்.
வரிசை மாறாமல் எல்லாம்
இடுப்புக்கு மேலே நாலு விரற்கடையில்
பதிந்து கிடக்கின்றன.
ஸ்கேன் பார்த்தவர் எல் நாலு, எல் அஞ்சு என்றார்.
எனக்கு ரூட் நம்பர் மாதிரி கேட்டது.
இப்போது டிப்போவில் டைம்கீப்பர் அறையில் லேசான வேலை.
நாற்காலிதான் லேசாக இல்லை.

ஒரு நாள் அடுப்படியில் சாவி விழுந்தது.
வடிவு சந்தைக்குப் போயிருந்தாள்.
ஒன்றரை மணி நேரம்
நான் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
சாவியும் என்னை.

ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை,
என் தலையில் பெட்டியை மாட்டி
வாரைப் பின்னால் இறுக்கினாள்.
"பயப்படாதிய அண்ணாச்சி. பைய நில்லுங்க."

இருட்டு. அப்புறம் ஒரு தோட்டம்.
எந்த ஊரோ, புல் பெயின்ட் அடித்த மாதிரி.
சிவப்பாய் என்னவோ மரத்தில் காய்த்து
கீழேயும் உதிர்ந்து கிடந்தது.
வெயில் அடித்தது, வேர்க்கவில்லை.
தலையைக் கவிழ்த்தால் என் கால்களைக் காணவில்லை.
வேட்டி இல்லை, செருப்பு இல்லை,
முப்பது வருசமாய் வளர்த்த தொப்பையும் இல்லை.
இரண்டு கை மட்டும்
வெள்ளை உறை போட்டு மிதந்தன.

"கீழ கிடக்கத எல்லாம் பொறுக்கிக் கூடையில போடுங்க."

போட்டேன்.
பதினொன்று எண்ணினேன், பன்னிரண்டாவது உருண்டு
மரத்தடிக்குப் போனது. சவம், விடுவேனா.

"முட்டுக்குக் கீழ கை போயிட்டு" என்றாள்.
நான் நம்பவில்லை.
செல்லில் எடுத்ததைக் காட்டினாள்:
தலையில் பெட்டி வைத்த ஒரு கிழட்டுப் பயல்
வெறுந்தரையில் இல்லாததைப் பொறுக்கி
இல்லாத கூடையில் போடுகிறான்.
உள்ளே இருந்தபோது எனக்கு முதுகே கிடையாது.
வெளியே பார்த்தால்
முதுகு மட்டும்தான் தெரிகிறது,
வில்லாக வளைந்து, சட்டை மேலேறி,
எனக்கே நான் காட்டியிராத முதுகு.

பழைய காயம் ஆறி நாளாச்சு அண்ணாச்சி,
உள்ள இருந்து எச்சரிக்கதுதான் இன்னும் நிக்கல, என்றாள்.
படம் வரைந்தும் காட்டினாள். படம் தேவைப்படவில்லை.
ரத்தினசபாபதி என்று எனக்கொரு கண்டக்டர்.
விக்கிரமசிங்கபுரம் மில் வளைவில்
என்றோ ஒருத்தர் படியிலிருந்து விழுந்தார்.
பிழைத்து, பிறகு எங்கள் பஸ்ஸிலேயே வந்தும் போனார்.
ஆனாலும் அந்த வளைவு வந்தால்
ஏற ஆளில்லை, இறங்க ஆளில்லை,
ரத்தினசபாபதி விசில் அடிப்பார்.
நானும் நிறுத்துவேன்.
ஆறு வருசம் நிறுத்தினேன்.

வாரம் இரண்டு நாள் தோட்டம்.
மற்ற நாளெல்லாம் விடியக்காலை நாலரைக்கு
பிளாஸ்டிக் பாயில் நாலு காலில் நிற்கிறேன்.
வலது கை முன்னே, இடது கால் பின்னே,
பத்து எண்ணும்வரை.
முதல் நாள் வடிவு விளக்கைப் போட்டுப் பார்த்து
"என்னத்தத் தேடுதிய?" என்றாள்.
சாவியை என்றேன்.
சிரித்தவள் அப்படியே உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள்.
எட்டுக்குப் பிறகு வேண்டுமென்றே மெதுவாக எண்ணுகிறாள்.

வலி போகவில்லை.
போய்விட்டது என்று சொன்னால் ஜெசிந்தாவே நம்ப மாட்டாள்.
கருக்கல் போட்ட நாளில் கூடுகிறது,
சில நாள் படியில் பாதியில் நின்று
பல் டாக்டர் வாசலில் மூச்சு வாங்குகிறேன்.
அந்தச் சிவப்புப் பழம் என்னவென்றும் தெரியவில்லை.
கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை.

ஏழு என்கிறாள் வடிவு.
இடுப்புக்கு மேலே விசில் அடிக்கிறது.
கண்ணாடியில் பார்க்கிறேன்.
படியில் யாரும் இல்லை.
இரண்டாவது கியர்.
பைய.