மிச்சம் ஏழு

பெருவிரல் எலும்பை அறுத்து நேராக்கி
இரண்டு திருகாணி பூட்டியிருக்கிறார்கள்.
இருபத்திரண்டு வருடம்
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் ஈரச் சீமெந்தில் நின்ற கால்.
இப்போது அதே ஆஸ்பத்திரியின் போர்வைக்குள்,
நான் மடித்த போர்வையாகவும் இருக்கலாம்,
யாருடையதோ போலக் கிடக்கிறது.

கணுக்காலில் ஊசி போட்டு உறங்கவைத்த நரம்பு
பின்னேரம் ஏழுக்கு விழிக்கும் என்றாள் தாதி ஏஷ்லிமான்.
"அது எழும்ப முதல் சாதாரணக் குளிசையைப் போடு.
நெருப்புப் பிடித்த பிறகு வாளி தேடாதே."
பிறகு ஒரு சின்னப் பெட்டி. பலத்த குளிசை, பத்து.
"இது, தாங்கவே முடியாவிட்டால்."

பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று கேட்டாள்.
குத்துதா, உளையுதா, விண்விண்ணென்று தெறிக்குதா
என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
ஆறு என்றேன்,
சந்தையில் விலை சொல்வதுபோல.

முதல் இரவு ஒன்று. மறுநாள் இரண்டு.
அவை வேண்டித்தான் இருந்தன,
பல்லைக் கடித்த பெருமை எதுவும் என்னிடம் இல்லை.
குளிசை போட்டதும் வலி அடுத்த அறைக்குப் போய்
கதவைச் சாத்திக்கொண்டு இருமியது.
நான் பஞ்சுபோல,
தவயோகன் வைத்த ரசம் ஆறுவதைப் பார்த்துக்கொண்டு,
வயிறு கல்லாக,
மகள் தொலைபேசியில் சொன்ன நல்ல செய்தியை
இரண்டாம் தரமும் கேட்கவேண்டியவளாக.

நாலாவது குளிசை.
இரவு இரண்டேகால். தகட்டிலிருந்து பிதுக்கியும்விட்டேன்.
உள்ளங்கையில் ஒரு பயறளவு.
முட்டை வைக்கும் கிண்ணத்தில் அதைப் போட்டேன்.
மூன்று தலையணை, நெஞ்சுக்கு மேலே கால்,
துவாயில் சுற்றிய உறைந்த பட்டாணிப் பை.
இருபது நிமிடம் வை. எடு. திரும்பவும் வை.
பீல் நகரம் இரண்டு மொழியில் உறங்கிக்கொண்டிருந்தது.
எதிர்க் கட்டடத்து நாலாம் மாடியில் ஒருவர்
தோளில் குழந்தையோடு நடந்தார், ஜன்னலுக்கு ஜன்னல்.
அவருடைய நடையை எண்ணினேன்.
எத்தனையில் விட்டேனோ தெரியாது.
விடிய, கிண்ணத்தில் குளிசை அப்படியே.
பட்டாணி மட்டும் கஞ்சியாக.

பெஸ்னிக் அழைத்தான், சலவைக்கூடத்திலிருந்து.
முதுகு முறியுதாம், லீவு கேட்கப் பயமாம்.
"மிச்சமிருந்தால் எறிந்துவிடாதே."
நான் வேலைக்கு வந்த முதல் கிழமை
தன் கையுறையைக் கழற்றித் தந்தவன்.
இல்லை என்று சொல்ல எடுத்த நேரம்
காலைவிட நொந்தது.
டாக்டரிடம் போ, சூப்பர்வைசரோடு நான் கதைக்கிறேன் என்றேன்.
சிரித்தான். நம்பவில்லை.

பத்தாம் நாள் ஊன்றுகோலோடு மருந்தகம்.
தகட்டில் ஆறு, உதிரியாய் ஒன்று.
கவுண்டர்ப் பெண் எண்ணவுமில்லை, பாராட்டவுமில்லை.
நீல வாளியொன்றைத் திறந்து கவிழ்த்தாள்.
தகட்டுக்கு ஒரு சத்தம்,
உதிரிக்கு ஒன்று, பிந்தி.

வெளியே வந்து பெஸ்னிக்கை அழைத்தேன்.
எடுக்கவில்லை.
திரும்ப அழைத்தேன்.
பஸ் தரிப்பில் இருக்கை ஈரம், நிற்கவேண்டியிருந்தது.
எத்தனை என்று கேட்க யாருமில்லை.
உளையுது என்றேன்,
வந்து நின்ற பஸ்ஸிடம்.